ஆறு வீட்டுக்கு ஒரே ஆன்டெனா

மார்ச் 4, செவ்வாய்

விடிந்தும் விடியாமல் வீட்டு உரிமையாளர் வந்து கதவைத் தட்டினார். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மொட்டைமாடி மன்னர். வீட்டை வாடகைக்கு விடுவார், மாடியை மட்டும் விட மனசு வராது.

மாடியில் ஆறு ஆன்டெனாக் கம்பம் நிற்பதால் தளம் ஓதம் வாங்குகிறதாம். மாதக் கடைசிக்குள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமாம். "டிவி வேணும்னா என் மச்சான்கிட்ட கேபிள் எடுத்துக்குங்க. நல்லா செய்வான்."

நல்லா செய்வான். அதில் சந்தேகமே இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பின்னாலிருந்து கேட்டார்: "சார், ஒரே ஒரு கம்பம் வெச்சுக்கிட்டா? அதுலேருந்தே ஆறு வீட்டுக்கும் இழுத்துக்கறோம்."

அவர் சிரித்தார். "ஆறு வீட்லயும் படம் தெளிவா வந்தா வெச்சுக்கோங்கம்மா. ஒரு வீட்ல உதறினாலும் நானே ஏறிக் கழட்டிடுவேன்."

அண்ணியும் சிரித்தார். அண்ணன் வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து இந்த வீட்டில் சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

மார்ச் 6, வியாழன்

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று அண்ணியைக் கேட்டேன். என்னைக் கீழே கூட்டிப் போனார்.

கீழ் வீட்டில் தையல்கார அக்கா. பிறவியிலேயே காது கேட்காது. பகல் ஒரு மணிச் செய்தியில் திரையின் மூலையில் ஒரு பெண் நின்றுகொண்டு கையாலேயே செய்தி சொல்கிறாள். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் என்ன நடக்கிறது என்று அவருக்கு அவர் மொழியில் சொல்கிற ஒரே ஆள் அந்தச் சின்னச் சதுரத்துக்குள் நிற்கிற பெண். அரசுச் சேனல், ஆன்டெனாவில் இலவசமாக வருவது. மச்சானின் கேபிளில் அந்தச் சேனல் கிடையாது. அண்ணி போன் போட்டு விசாரித்துவிட்டாராம். "அதையெல்லாம் யாரும்மா பாக்கறாங்க?" என்று கேட்டானாம்.

இந்தக் கேள்வியைத்தான் நான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் வராத தெரு, விளக்கு எரியாத படிக்கட்டு - எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். யார் கேட்கிறார்கள், யார் பார்க்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

முதல் முயற்சி படுதோல்வி.

ஆறு வீட்டுக்காரர்களும் பங்கு போட்டு வாங்கிய பெட்டியை அண்ணி பிரித்தார். டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபயர் என்று மேலே எழுதியிருக்கிறது; கடைக்காரர் முதல் அம்மா வரை எல்லோருக்கும் அது 'பெரிய பூஸ்டர்'. ஒரு பக்கம் ஆன்டெனா வயர் உள்ளே போகும், மறுபக்கம் ஆறு வயர் வெளியே வரும். சும்மா ஆறாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு சொட்டுதான் கிடைக்கும். இது பலப்படுத்திப் பிரித்துக் கொடுக்கும்.

எங்கள் கூடத்தில் வைத்துப் பார்த்தோம். முன்பைவிட மோசம். படம் கட்டம் கட்டமாக உடைந்து, செய்தி வாசிப்பவரின் மூக்கு தோளில் போய் உட்கார்ந்தது.

அம்மா சொன்னாள்: "இதுக்கு ரேடியோவே தேவலை. மூக்கு எங்க இருந்தா என்ன."

அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவங்கவங்க கம்பம் அவங்கவங்களுக்குன்னு இருந்த வரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல" என்றார். அண்ணியிடம் அவர் நேராகப் பேசுவதில்லை. பேப்பரிடம் சொல்வார், அண்ணி கேட்டுக்கொள்ள வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். சாப்பாட்டு இடைவேளையில் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார் போல. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்: "தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சேன் தம்பி! இது இருக்கறதைத்தான் பெருசாக்கும். அவ்வளவு நீள வயர்ல இறங்கி வர்றதுக்குள்ள பாதி குப்பையாயிடுது. நாம அந்தக் குப்பையைப் பெருசாக்கிக்கிட்டிருக்கோம்."

எங்கள் பார்சல் கிடங்கு மேனேஜர் நினைவுக்கு வந்தார். அவரும் இப்படித்தான், கீழே வருவதற்குள் குப்பையாகிவிட்ட உத்தரவை இன்னும் சத்தமாகச் சொல்வார்.

"அப்போ?"

"மேல வைக்கணும். ஆன்டெனா காலடியில. சுத்தமா இருக்கும்போதே பலப்படுத்திட்டு அப்புறம் பிரிக்கணும்."

தப்பு செய்ததை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிற ஒருத்தரை நான் பார்த்ததில்லை. நானாக இருந்தால் கம்பெனிக்காரனைத் திட்டி ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

மார்ச் 16, ஞாயிறு

பழைய கம்பங்கள் எல்லாம் இறங்கிவிட்டன. ஒன்றே ஒன்று, உயரமாக. படிக்கட்டு முடியும் இடத்தில் இருக்கும் சின்ன அறைக்குள் மழை படாமல் பெரிய பூஸ்டர். அங்கிருந்து ஆறு வயர். அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் நின்று சொன்ன ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. வயரைக் கூர்மையாக மடிக்காதே. திருகை இறுக்கு, ஆனால் கழுத்தை நெரிக்காதே.

சாயங்காலம் எல்லோரும் டிவியைப் போட்டார்கள்.

எங்கள் வீட்டில் 'சிக்னல் இல்லை'. எதிர் வீட்டிலும் அதே. மேலே இரண்டு வீட்டிலும் அதே. கீழே பக்கத்து வீட்டிலும் அதே.

மதியம் மன்னர் மாடிக்குப் போய்விட்டு வந்ததை நான் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனாராம். தண்ணீர்த் தொட்டி!

மார்ச் 17, திங்கள்

தெருவில் வைத்துக் கேட்டுவிட்டேன். வயரை வெட்டியது நீங்கள்தானே, மச்சானுக்கு ஆள் பிடிக்கிறீர்களா, ஏழைகள் இலவசமாக எதையாவது பார்த்தால் உங்களுக்குப் பொறுக்காதா. காது கேட்காத ஒரு பெண்ணின் ஒரே செய்தியைப் பறிக்கிறீர்கள் என்றும் சொன்னேன். கூட்டம் கூடியது. அவர் முகம் வெளுத்துப்போனது. எனக்கு அது பிடித்திருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் அண்ணி, "வயரைப் பார்த்தீங்களா?" என்றார்.

"எதுக்குப் பார்க்கணும்?"

"வெட்டியிருக்கான்னு."

பார்க்கவில்லை.

மார்ச் 19, புதன்

வயர் எங்கேயும் வெட்டுப்படவில்லை.

அண்ணி இன்று அரை நாள் விடுப்பு. ஒரு மணிக்கு எனக்கு போன் பண்ணினார். "தையல்கார அக்கா வீட்ல படம் வருது தம்பி. கண்ணாடி மாதிரி. ஞாயித்துக்கிழமையிலேருந்தே வருதாம்."

எல்லா வீட்டையும்விட நீளமான வயர் அவருடையது. இருப்பதிலேயே பலவீனமான சிக்னல் அங்கேதான் போக வேண்டும். அங்கே மட்டும் எப்படி?

எப்படி என்பது கிடக்கட்டும். மூன்று நாளாக அவர் வீட்டில் படம் வந்துகொண்டிருக்கிறது. எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் பெயரைச் சொல்லித் தெருவையே கூட்டினேனே - போய் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. அண்ணிதான் கேட்டார்.

மார்ச் 22, சனி

எங்கள் டிவியில் அமைப்புகளுக்குள் போனால் இரண்டு கோடு தெரிகிறது. ஒன்று சிக்னலின் பலம், இன்னொன்று தரம். பலம் முழுசாக நிற்கிறது. தரம் பூஜ்ஜியம்.

அண்ணி அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு டிவியின் பின்பக்கம் கையை விட்டுத் தடவினார். எழுந்தார். "ஆள் வராம இல்ல, கூட்டம் தாங்கல" என்றார். நாளைக்கு எல்லா வீட்டுக்காரர்களையும் தேநீருக்கு அழைத்திருக்கிறாராம்.

மார்ச் 23, ஞாயிறு

இதை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

கூடம் நிறைய ஆட்கள். அண்ணி எல்லோருக்கும் டம்ளரைக் கொடுத்துவிட்டு, எங்கள் டிவிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு குட்டி வெள்ளைப் பெட்டியை இழுத்து மேஜைமேல் வைத்தார். பழைய ஆன்டெனாவோடு வந்த சின்ன பூஸ்டர். கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"நான்தான் வெச்சேன்" என்றார். "ஆறு பேருக்குப் பிரிக்கறாங்களே, நம்ம வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் கூட வரட்டும்னு ஒரு அல்ப ஆசை. மேலேருந்து பலமாத்தான் வருது. அதை இது இன்னும் ஊதிப் பெருசாக்கி டிவிக்குள்ள தள்ளுது. டிவிக்கு மூச்சு முட்டிடுச்சு. தப்பு என்னுதுதான், மன்னிச்சுக்குங்க."

அந்த டேப்பை எனக்குத் தெரியும். குடைப் பிடியிலும் துடைப்பத்திலும் அதே சுற்று, அதே முடிச்சு. அப்பா பேப்பரைப் பிடித்திருந்தார். பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு எதிர் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்லயும் பசங்க ஏதோ ஒண்ணு சொருகி வெச்சிருக்காங்க போல..."

அவருடைய பசங்கள் படிப்பதற்காக விடுதியில் இருக்கிறார்கள். யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்ல நினைத்தேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஒவ்வொருவராகப் போய் எடுத்துவந்தார்கள். மேஜைமேல் ஐந்து வெள்ளைப் பெட்டிகள். ஐந்து வீடு, ஐந்து பெட்டி. சொருகாத வீடு ஒன்றே ஒன்று, தையல்கார அக்காவுடையது. எவனோ ஒரு மன்னன் நம்மிடம் திருடுகிறான் என்று எவ்வளவு சுலபமாக நம்பினேன்.

டிவியைப் போட்டோம். மூக்கு மூக்கிருக்கும் இடத்தில் இருந்தது.

அண்ணி அவர்களைத் திட்டியிருக்கலாம். நானாக இருந்தால் ஐந்து பேர் மானத்தையும் வாங்கியிருப்பேன். ஐந்து பெட்டியும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

மார்ச் 24, திங்கள்

உரிமையாளரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். வயரை வெட்டினார் என்று சொன்னதற்கு மட்டும். மச்சானைப் பற்றிச் சொன்னதற்குக் கேட்கவில்லை. அதை அவரிடமே தெளிவாகச் சொன்னேன். "சரிப்பா, சரி" என்றார்.

மார்ச் 31, திங்கள்

சொன்னபடி வந்தார். ஆறு வீட்டிலும் ஏறி இறங்கி ஒவ்வொரு சேனலாகத் திருப்பிப் பார்த்தார். எதுவும் உதறவில்லை. கடைசியில் மாடிக்குப் போய்க் கம்பத்தை ஆட்டிப் பார்த்தார். அதுவும் ஆடவில்லை. "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஜெயித்ததைக் கொண்டாட எனக்கு ஒரு சத்தம் போட வேண்டும்போல் இருந்தது. அண்ணி ஏற்கெனவே பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

அப்பா பேப்பரை மடித்தார். அடுக்களைப் பக்கம் பார்த்து, "ஏம்மா, அந்த மாடி ரூம்ல ஜன்னல் கண்ணாடி உடைஞ்சிருக்கு. சாரல் அடிச்சா பெட்டி நனைஞ்சிடும். நான் ஒரு பலகை அடிச்சுத் தரட்டா?" என்றார்.

நேராக. அண்ணியிடம்.

"அடிங்க மாமா. டேப் மட்டும் சுத்தாதீங்க."

அப்பா சிரித்தார்!

ஏப்ரல் 6, ஞாயிறு

பகல் ஒரு மணிக்கு அண்ணியோடு கீழே போனேன். அண்ணி எப்போது கற்றுக்கொண்டார் தெரியவில்லை, பத்து இருபது சைகை தெரிந்து வைத்திருக்கிறார். தையல்கார அக்கா என்னைக் காட்டி வேகமாக ஏதோ சொன்னார். அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"நீங்க அன்னைக்குத் தெருவுல ஓனர்கிட்ட சண்டை போட்டப்போ, இவங்க வாசல்ல நின்னு உங்களைக் கூப்பிட்டாங்களாம். படம் வருதுன்னு சொல்றதுக்கு. கையை ஆட்டி ஆட்டி வலிச்சே போச்சாம். நீங்க நிறுத்தவே இல்லையாம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, தைக்க வைத்திருந்த துணிகளை நகர்த்தி ஒரு நாற்காலியைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். மூலையில் நின்ற பெண்ணின் கைகளைப் பார்த்துக்கொண்டு, செய்தி முடியும்வரை வாயைத் திறக்கவில்லை.