சொட்டு நீலம் போட்ட ஃபில்டர்

அங்கேயும் எதையாவது அளந்துகொண்டிருக்கும் என் அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். "நல்லதா நாலு வார்த்தை போதும்மா" என்றார்கள். நல்லதாக எழுத ஊரில் ஆளா இல்லை? நான் என் மனசில் இருப்பதை எழுதுகிறேன். சுநந்தாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்கிற தைரியமும் ஒரு காரணம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமை. நீ இருந்தபோதும் இருந்தது, இப்போதும் குறையவில்லை. போய்விட்டவளிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

விஷ்ராந்த்வாடியில் ஒரே வீட்டில் நீ கீழே, நான் மாடியில். பேங்க் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தாய். கார் நிறுத்தும் இடத்தை அடைத்து ஷட்டர் போட்டாய். ரம்ப மிஷின் வந்தது, மரத்தைத் தேய்க்கிற மிஷின் வந்தது. முக்காலி, அஞ்சறைப்பெட்டி, மணை என்று என்னென்னவோ செய்தாய். ஐம்பத்தைந்து வயதில் ஒரு பெண்பிள்ளை மரவேலை செய்கிறாள் என்று சந்தே வந்து வேடிக்கை பார்த்தது.

மாடியில் என் கதை வேறு. உலர்த்திய துணியில் மரத்தூள், அரைத்து வைத்த மாவில் மரத்தூள், சாமி படத்தின் கண்ணாடியில் விரல் வைத்தால் கோடு விழும். எத்தனை முறை சொல்லியிருப்பேன், மூக்கில் துணியாவது கட்டிக்கொள் என்று? "மரத்தூளுதானேடி, அது இன்னா பண்ணப் போவுது" என்பாய். பத்து வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அப்புறம் வந்தாள் மகராசி.

பின்சந்துக்காரி சுநந்தா. பிம்ப்ரி பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், வடிகட்டிய காற்று மட்டுமே உள்ளே போகிற அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கால் ஆடிய மணையைச் சரிசெய்ய உன்னிடம் கொண்டுவந்தாள். வந்த அன்றே, "தாயீ, துடைப்பத்துல கூட்டுற தூளைப் பத்திக் கவலையில்ல. கண்ணுக்குத் தெரியாததுதான் நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கும்" என்றாள். அவள் ஹிந்தியில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். அந்தத் 'தாயீ' மட்டும் மராத்தி. அக்கா என்று அர்த்தம். வந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, உனக்கு அக்கா பட்டம்! உன்னை அக்கா என்று கூப்பிட உலகத்தில் நான் ஒருத்திதானே இருந்தேன்?

அவள் ஒரு வார்த்தை சொன்னாள், ஒரே வாரத்தில் பெட்டி தயார். ப்ளைவுட் பெட்டி, உள்ளே ஒரு ஃபேன், முன்பக்கம் மடிப்பு மடிப்பாக வெள்ளை ஃபில்டர். மேலே கொக்கியில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டாய். அறைக் காற்றை இழுத்து, தூளைப் பிடித்துக்கொண்டு, சுத்தமாக வெளியே விடும் என்று எனக்கே விளக்கினாய். கேட்டுக்கொண்டேன். வயிறு எரிந்தது.

அதோடு போயிற்றா? வேலை முடிந்ததும் நீங்கள் இருவரும் ஷட்டரை இறக்கி, ஜன்னலை மூடி, டார்ச் அடித்துப் பார்ப்பீர்கள். அந்த வெளிச்சத்தில் தூள் மிதப்பது தெரியும். பெட்டி ஓட ஓடக் குறையும். வெளிச்சம் சுத்தமாகிற வரை சினிமா பார்ப்பதுபோல் இருட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். இடைவேளைக்கு டீ கொண்டுவருவது யார்? நான்தான்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

போன வருஷம் போகிக்கு முதல் நாள் நீங்கள் இருவரும் மரம் வாங்கப் போயிருந்தீர்கள். வீடு முழுக்க ஒட்டடை அடித்து, ஜன்னல் கம்பிவரை துடைத்துவிட்டேன். மிச்சம் இருந்தது அந்தப் பெட்டிதான். ஃபில்டர் அழுக்கேறிக் கறுத்துக் கிடந்தது. போகிக்கு வீட்டில் அழுக்கு இருக்கலாமா? கழற்றினேன். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மூன்று முறை அலசினேன். கை பழக்கம், கடைசித் தண்ணீரில் சொட்டு நீலமும் விட்டேன். மொட்டைமாடியில் காயவைத்து, நீங்கள் வருவதற்குள் மாட்டிவிட்டேன்.

சுத்தம் செய்ய மட்டுமா செய்தேன்? அந்தப் பெட்டி அவள் சொல்லி வந்தது. அதில் என் கையும் பட்டிருக்க வேண்டும் என்று ஆசை.

நீ அண்ணாந்து பார்த்தாய். "இன்னாடி இது, புதுசு மாதிரி ஆக்கிட்டியே! உன் கை பட்டா கரியும் வெளுத்துடும்டி" என்றாய். சுநந்தா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நீ அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாய். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவள் டீயில் சர்க்கரை குறைவாகத்தான் போட்டேன்.

மாசியில் நீ பத்து நாள் இருமினாய். ஜூனில், மழை பிடித்த வாரம், போய்விட்டாய். இதயம் என்றார் டாக்டர்.

காரியமெல்லாம் முடிந்து என் மகள் என்னை ஔந்தில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவள் வீட்டில் காற்றைச் சுத்தம் செய்கிற மிஷின் ஒன்று வாங்கியிருந்தார்கள். நான் துணியும் வாளியுமாகப் போவதைப் பார்த்துவிட்டு, மிஷினோடு வந்த தாளை எடுத்துப் படித்தாள். "அம்மா, இந்த ஃபில்டர வாஷ் பண்ணக் கூடாது. பண்ணா பெரிய டஸ்ட்தான் பிடிக்கும். பாரீக் டஸ்ட் எல்லாம் அப்படியே போயிடும்." பாரீக் என்றால் நைசான தூள். நெஞ்சுக்குள் போய் உட்காருமே, அந்தத் தூள்.

வாளி கையிலிருந்து நழுவிவிட்டது அக்கா. போகியிலிருந்து ஜூன்வரை நீ எதை மூச்சில் இழுத்தாய்? உன்னைக் கொண்டுபோனது இதயமா, என் நீலமா? யாரிடம் கேட்பேன்? வீடு திரும்பியும் உன் ஷட்டரை நான் திறக்கவில்லை.

போன வாரம் சுநந்தா வாசலில் வந்து நின்றாள். நீயும் அவளும் ஆரம்பித்த மணை ஒன்று பாதியில் கிடக்கிறதாம், முடிக்க வேண்டுமாம். திறந்துவிட்டேன். அவள் பெட்டியின் சுவிட்சில் கை வைத்தபோது என்னால் முடியவில்லை. என் ஓட்டை ஹிந்தியில் சொல்லிவிட்டேன். "அத கழுவினேன். நீலம் பீ டாலா, நீலமும் விட்டேன். அக்காவ நான்தான்..." அதற்குமேல் எந்த பாஷையிலும் வரவில்லை.

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறினாள், பெட்டியை இறக்கினாள், திருகாணிகளைக் கழற்றினாள். முன்னால் என் ஃபில்டர், லேசான நீலத்தோடு. அதை உருவினாள். பின்னால் இன்னொன்று இருந்தது. நல்ல கனமான, புது ஃபில்டர். அதன் முகத்தில் மாவு போல நைசான தூள் படிந்திருந்தது. அது உட்காரப் பெட்டிக்குள் பள்ளமாக ஒரு காடி வெட்டியிருந்தாய். உன் வேலை என்று பார்த்தாலே தெரிந்தது.

"அன்னைக்கே டார்ச் அடிச்சுப் பார்த்தோம். தூள் குறையவேயில்ல. மறுநாளே புதுசு வந்துருச்சு" என்றாள் சுநந்தா. "பழசைத் தூக்கிப் போடலாம்னேன். தாயீ கேக்கல. 'முன்னாடி இருக்கட்டும், பெரிய தூளை அது பிடிக்கும். எடுத்தா என் தங்கச்சி மூணு நாள் சோறு தின்ன மாட்டா'ன்னா. அந்தக் காடி வெட்ட ஒரு நாள் பூரா ஆச்சு."

"அப்ப அந்த இருமல்?" என்றேன்.

"அந்த மாசம் நம்ம சந்தே இருமுச்சே, மறந்துட்டியா?"

உன் வேலைமேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. இறங்கின கையோடு பொறாமை ஏறிவிட்டது. ஐந்து மாசம் இந்த ரகசியத்தை அவளிடம் வைத்திருந்தாயா? நான் டீ கொண்டுவந்து, "பாத்தியா, என் ஃபில்டர் எப்பிடி வேலை செய்யுதுன்னு" என்று பீற்றிக்கொண்ட போதெல்லாம், நீங்கள் இருவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டீர்களா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லித் திட்டியிருக்கக் கூடாதா?

அதற்கும் சுநந்தாதான் பதில் சொன்னாள், மூக்கைச் சுளித்துக்கொண்டு. "ஒருநாள் அந்த நீல ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் பண்ணப் போனேன். என்னை என்னா திட்டு திட்டினா தெரியுமா? 'அதுல மட்டும் கை வைக்காதே'ன்னா. ரெண்டு நாள் நான் இந்தப் பக்கமே வரல."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள். அப்படியே மனசு குளிர்ந்துவிட்டது எனக்கு. அன்றைக்கு அவள் டீயில் சர்க்கரை சரியாகப் போட்டேன்.

உள்ளே இருந்ததை மாற்றிப் புதுசு போட்டுவிட்டோம். முன்னால் என்னுடையதுதான் இருக்கிறது. சனிக்கிழமை மணையைத் தேய்த்தோம், நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். ஷட்டரை இறக்கி டார்ச் அடித்தோம். நீ உட்காருகிற ஸ்டூலில் உட்கார அவள் போனாள். நான் விடவில்லை. அதில் நான் உட்கார்ந்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், இனி ஃபில்டரைத் தண்ணீரில் போட மாட்டேன். மூக்கைக் கட்டாமல் உள்ளே நுழைய மாட்டேன், அவளையும் விட மாட்டேன். மணை முடிந்ததும் அவளுக்கே கொடுத்துவிடுகிறேன், போகட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே யாராவது 'அக்கா' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதே. நான் வந்து கூப்பிடுகிறேன்.

உன் ஒரே தங்கை,
வசந்தி