சவப்பெட்டிக்குள் நான் ஒளித்த சிலுவை

என் அன்பு எலேன், எதிர்வீட்டில் எனக்குக் கிடைத்த சகோதரியே,

உனக்குத் தமிழ் தெரியாது. நம் இருவரின் ஓட்டை ஜேர்மனில் இதைச் சொல்லியிருக்கவும் முடியாது. அதனால் எங்கள் கோயில் பங்கின் தமிழ் மலரில் எழுதுகிறேன், மற்றவர்களும் வாசிக்கட்டும். போன இடத்தில் எல்லா மொழியும் விளங்குமாமே?

யூரோக் காசு வந்த வருடம் எசனில் என் எதிர்வீட்டுக்குக் குடிவந்தாய். உங்கள் செனகலில் கிறிஸ்தவர்கள் கொஞ்சப்பேர்தான் என்றாய். உன் வீட்டிலேயே அம்மாவும் நீயும் மாதா கோயிலுக்கு, அப்பாவும் அண்ணன் இப்ராகிமும் பள்ளிவாசலுக்கு. பெரிய வெள்ளியன்று கம்பும் கச்சான் கடலையும் போட்டுக் கஞ்சி காய்ச்சி முஸ்லிம் வீடுகளுக்குக் கொடுப்பீர்களாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அங்கிருந்து ஆட்டிறைச்சி வருமாம். இங்கேயும் நீ விடவில்லை. நம் கட்டடத்தின் மூன்றாம் மாடித் துருக்கிக் குடும்பத்துக்கு வருடாவருடம் கஞ்சி வாளியோடு ஏறினாய். நான் தலையாட்டினேனே தவிர, உன் ஊர்க்கதையை முழுதாக நம்பவில்லை. சிறுபான்மையாகப் பிறந்து பயந்து வளர்ந்த புத்தி எனக்கு.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் "என் சிலுவை இல்லாமல் என்னை அனுப்பிவிடாதே" என்றாய். அண்ணன் கழற்றிவிடுவார் என்றுதான் நீ பயப்படுகிறாய் என நினைத்தேன். கழற்றியதோ தாதிமார். நீ போன பிறகு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் தந்தார்கள்.

ஹம்பேர்க்கிலிருந்து உன் அண்ணன் வந்தார். தொப்பி, தாடி, கையில் மணிமாலை. உன்னை ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்யப்போவதாகச் சொன்னார். எந்த முறைப்படி? கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"அவர் கூடப்பிறந்தவர். நீர் ஏன் குறுக்க நிக்கிறீர்?" என்றார் என் கணவர்.

"பெட்டியப் பூட்டினாப் பிறகு ஒண்டும் செய்ய ஏலாதப்பா," என்றேன்.

பிணவறையில் உன் அண்ணன் வெளியே பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, உன் சட்டைக் கழுத்துக்குள் சிலுவையைச் செருகினேன். பிடிபட்டால் சண்டைதான் என்று தயாராக நின்றேன்.

மூடி போட ஆட்கள் வந்தார்கள். "கொஞ்சம் பொறுங்கள்," என்றார் உன் அண்ணன். குனிந்து உன் கழுத்தைத் தடவினார். நான் ஒளித்ததில் அவர் விரல் பட்டது. அதை வெளியே எடுத்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து இன்னொரு சிலுவையை எடுத்தார்.

"அம்மாவுடையது. இவ்வளவு காலம் என் அலுமாரியில் இருந்தது. இவளை வெறுங்கழுத்தோடு அனுப்பினால் அம்மா என்னைத்தான் ஏசுவார்."

இரண்டையும் உன் நெஞ்சின்மேல் எல்லோருக்கும் தெரிய வைத்தார். அடக்கப் பூசைக்கு உங்கள் ஊர்ப் பாதிரியாரிடமும் முன்பே சொல்லிவைத்திருந்தாராம். வெட்கத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை, எலேன்.

நாளை பெரிய வெள்ளி. உன்னை அடக்கம் செய்துவிட்டு ஹம்பேர்க்குக்குத் திரும்பிவிட்ட அவர் நேற்று தொலைபேசி எடுத்து, கஞ்சிக்கு வரலாமா என்று கேட்டார். ஓம் என்றேன். கம்பு ஊறுகிறது. கச்சானைக் கொஞ்சம் கருக்கிவிட்டேன்.

ஏன் ஒளித்தாய் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கவே மாட்டாரோ என்பதுதான் என்னை வாட்டுகிறது. நாளை இருவரும் வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறும்போது அவரைச் சந்தேகப்பட்டதை நானாகவே சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் அண்ணனை இனி அண்ணை என்று கூப்பிடப்போகிற,
உன் சகோதரி
றெஜினா