ஐந்து கிளிப்புகள்

பதிவு 1
நாள் 212, முகாம் நேரம் 09:10

நிலாத் தென்முனை, மூன்றாம் சுரங்க முகாம், ஸ்கேன் அறை. எழுதுவது மு. செம்மலர், ஸ்கேன் டெக்னீஷியன். இந்த அறைக்கு நான் ஒருத்திதான். எனக்குப் பின்னால் வருபவருக்காக இந்தக் குறிப்பு.

இங்கே தூசியில் ஓராண்டு வேலை பார்த்தவர்களுக்கு இதயக் குழாய் அடைக்கிறது. காலிலிருந்து சிரையை எடுத்து, அடைப்பைத் தாண்டி ஒட்டுகிறார்கள். பைபாஸ். அறுவையை இயந்திரக் கை செய்கிறது. மேலே சுற்றுநிலையத்தில் இருந்தபடி டாக்டர் கோதண்டபாணி அதை இயக்குகிறார். மூன்றாம் மாதம் நான் ஸ்கேன் எடுத்து, ஒட்டிய குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். திறந்திருந்தால்தான் பூமிக்குத் திரும்பும் ஓடத்தில் இடம். ஓடம் கிளம்பும்போது மார்பின் மேல் நாலு ஆள் எடை ஏறும். அடைந்த குழாயோடு அதைத் தாங்க முடியாது.

இன்று கிரேன் இயக்குநர் வேலாயுதம். மூன்று குழாய்களும் திறப்பு. சிரையின் பக்கக் கிளைகளை மூடச் சின்ன உலோகக் கிளிப் போடுவார்கள். படத்தில் அரிசி மணிபோல் மின்னும். இவருக்கு ஐந்து. மூன்றாவது கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதையெல்லாம் எண்ண வேண்டியதில்லை. எனக்கு எண்ணும் பழக்கம்.

டாக்டர்: "பிரமாதமான படம்மா. இதையே மெஷினுக்கு மாதிரியா குடுத்துடு."

கொடுத்தேன். நாள் முழுக்க அந்தப் "பிரமாதம்" காதிலேயே இருந்தது.

பதிவு 2
நாள் 219, 11:40

சரக்கு ஓடம் வரவில்லை. சாய மருந்து நான்கு குப்பி மிச்சம். ரத்தத்தில் அந்தச் சாயம் ஓடினால்தான் குழாய் படத்தில் வெள்ளையாகத் தெரியும். பாதி அளவு போடு, குறைவதை மாதிரிப் படத்தைப் பார்த்து மெஷினே நிறைத்துக்கொள்ளும் என்று உத்தரவு. "நிறைவு" என்று ஒரு பொத்தான்.

முதலில் வந்த படம் மங்கல். பொத்தானை அழுத்தினேன். நான்கு விநாடியில் பளிச்சென்று ஆனது.

படம் மங்கினால் எடுத்தவர் கை சரியில்லை என்பார்கள். கல்லூரியில் மங்கிப்போன என் படம் ஒன்றை வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டினார்கள். அதனால் நிறைவை நிரந்தரமாக இயக்கிவிட்டேன். உத்தரவில் அது இல்லை. "படத்துக்கு மட்டுமா, எல்லாப் பதிவுக்குமா?" என்று மெஷின் கேட்டது. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் என்றேன். இனி மங்கல் எதுவும் என் திரைக்கு வராது.

பதிவு 3
நாள் 226, 08:15

சூசை ரத்தினம், துளைப்பான் ஓட்டுநர், வயது 51, தூத்துக்குடிக்காரர். இன்று 14:00 ஓடத்தில் ஊருக்குப் போகிறார். ஸ்கேன் வளையத்துக்குள்ளிருந்து, மைக்கில்:

"ஏ படக்காரம்மா, எவ்ளோ நேரம் மூச்சப் புடிக்க? நான் என்ன முத்துக் குளிக்கவா வந்துருக்கேன்?"

"சிரிக்காதீங்கண்ணே, படம் ஆடும்."

"வீட்டுல மீன் புடிக்கப் புது போட்டு எறக்கிருக்கா, எம்பேர வச்சு. அது முங்குறதுக்குள்ள போயிப் பாக்கணும்லா. ஆமா, போன தடவ மருந்து ஏறயில இடுப்புக்குக் கீழ ஒரே சூடு. மானம் போச்சுன்னு நெனச்சேன். இப்ப ஒண்ணுமே இல்லையே தாயீ?"

படம் வந்தது. மூன்று குழாய்களும் திறப்பு. பளிச்.

08:40
ஊசியை எடுக்கும்போது பார்த்தேன். அவர் முழங்கை மடிப்பு எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருக்கிறது. சாயம் ரத்தத்துக்குள் போகவே இல்லை. தோலுக்கடியில் தங்கிவிட்டது.

அப்படியானால் படத்தில் வெள்ளையாக ஓடியது எது?

கிளிப்பை எண்ணினேன். ஐந்து. மூன்றாவது சாய்ந்திருக்கிறது. அறுவைக் குறிப்பில் எட்டு என்று இருக்கிறது.

09:05
டாக்டருக்கு எழுதி, இரண்டு முறை அழித்து, மூன்றாம் முறை அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"கிளிப் எண்ணவா உன்ன அனுப்பிச்சிருக்கோம்? ரத்தம் ஓடுதா இல்லையா, அத மட்டும் சொல்லும்மா. அடுத்த கேஸ் காத்துக்கிட்டிருக்கு."

கை வீங்கியதைச் சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"ஓடுது சார்."

பதிவு 4
நாள் 226, 12:20

நிறைவுக்கு முந்தைய படத்தைத் தேடினேன். இல்லை. இடம் மிச்சப்படுத்த மெஷினே அழித்துவிடுகிறது. நிறைவை நிறுத்தப் பார்த்தேன். இயக்க யாராலும் முடியும், நிறுத்த டாக்டரின் கடவுக்குறி வேண்டும்.

சூசை அண்ணனை அழைத்தேன், இன்னொரு முறை வரச் சொல்லி.

"ஓடத்துச் சட்டைய மாட்டிப் பூட்டியாச்சு தாயீ. ஏணி ஏறயில நெஞ்சு லேசா இறுக்கிச்சு, அவ்ளோதான். அதப் போயி யார்ட்டயும் சொல்லிராத, எடம் போயிரும்."

12:50
நானே வளையத்துக்குள் படுத்தேன். சாயம் போடவில்லை. எனக்கு வயது 26. என் உடம்பில் இதுவரை கத்தி பட்டதில்லை.

அறிக்கை: "மு. செம்மலர். பைபாஸ் குழாய்கள் மூன்று. மூன்றும் திறப்பு. பயணத்துக்குத் தகுதி."

கிளிப் ஐந்து. மூன்றாவது சாய்ந்திருக்கிறது.

மெஷின் வேலாயுதத்தின் இதயத்தை எல்லோருக்கும் வரைந்துகொண்டிருக்கிறது.

பதிவு 5
நாள் 226, 13:22

ஏவுதளத்தில் பயணிகளை ஏற்றும் பர்வீன் அக்காவை அழைத்தேன். இவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

"சூசை ரத்தினத்த இறக்குங்கக்கா. அவர் ரிப்போர்ட் பொய். என் ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன், அதான் சாட்சி."

"பார்த்தேன் செம்மலர். உனக்கும் பைபாஸ் ஆயிருக்காமே. ஒரு வார்த்த சொல்லலையே?"

"ஆகலக்கா! அதத்தான் சொல்றேன். மெஷின் தானா வரையுது."

"சரி சரி, பதறாத. நெஞ்சுல ஆப்பரேஷன் ஆனவங்க இப்படிக் கத்தக் கூடாதும்மா. நோயாளி கருவியத் தொடவும் கூடாது, விதி இருக்கு. டாக்டர்கிட்ட நான் பேசுறேன், நீ படு."

13:31
டாக்டர் அறுவையில் இருக்கிறார். குறுக்கிட அனுமதி இல்லை.

13:34
என் கடவுக்குறி ரத்து. ஸ்கேனை இயக்க நான் உட்காரும் கண்ணாடி அறையின் கதவு வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டது. திரையில்: "நோயாளி ஓய்வில்." ஓடத்தின் பேச்சு ஸ்பீக்கரில் கேட்கிறது, என்னால் பேச முடியவில்லை. இந்த நாட்குறிப்பு மட்டும் திறக்கிறது.

பதிவு 6
நாள் 226, 14:00

கிளம்பிவிட்டது.

14:02
"படக்காரம்மா, கேக்கா? நாலு ஆளுன்னாவ... இது ஊரே ஏறி ஒக்காந்த மாரி..."

14:03
"கையி... எடது கையி..."

14:06
ஓடத்தின் சின்ன ஸ்கேனிலும் இருப்பது நான் கொடுத்த மாதிரிதான். அதன் அறிக்கை ஸ்பீக்கரில் வருகிறது: "பயணி சூசை ரத்தினம். துடிப்பு பதிவாகவில்லை. குழாய்கள் மூன்றும் திறப்பு. நிலை நன்று."

14:16
அதே அறிக்கை.

14:26
அதே.

14:40
டாக்டர், எல்லா அறைகளுக்கும்: "இன்னிக்கு ஓடத்துல போன மூணு பேரும் நல்லபடியா ஏறியாச்சு. அடுத்த ஓடத்துக்குப் பதினோரு பேர். செம்மலர் ஓய்வுல இருக்கறதால மெஷினே படம் எடுத்துக்கும். வரிசையா வாங்க."

14:52
கதிரைத் தடுக்கும் ஈயக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதல் ஆள் வந்துவிட்டார். தட்டுகிறேன். அவருக்குக் கேட்காது. என்னைப் பார்த்துச் சிரித்துக் கையசைக்கிறார். படுத்துக்கொண்டார். இப்போது அவர் கண் கூரையைப் பார்க்கிறது.

14:58
இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும். படத்தை நம்பாதீர்கள். அறுவைக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு கிளிப்பை எண்ணுங்கள். சூசை அண்ணனுக்கு எட்டு இருந்தது. 09:05க்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஓடுது சார் என்றேன். அப்போதே நான் சொல்லி

(நோயாளி ஓய்வில். பதிவு பாதியில் நிறுத்தப்பட்டது. நிறைவு இயக்கத்தில் உள்ளது.)

14:59
சொல்லி முடித்துவிட்டேன். குழாய்கள் மூன்றும் திறப்பு. பிரமாதமான படம். நிலை நன்று.