பதினேழு ஒன்றுகளும் முப்பத்தோராம் பக்கமும்

என் ஆசைத் தம்பி ராஜு,

உடைந்துவிட்டதடா! நம்முடைய பதினேழு ஒன்று உடைந்துவிட்டது! நேற்று மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள்தான், இன்னும் மறுபடி அடுப்பு மூட்டவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

11111111111111111. ஒன்றைப் பதினேழு தடவை வரிசையாக எழுதினால் வரும் எண். நீ தெல்தோட்டைப் பக்கம் தேயிலைப் பெக்டரியில் கிளாக்கராக இருந்தபோது, கண்டியில் வாங்கிய ஒரு பழைய கணிதப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தாய். இது ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் வகுபடாத முதன்மை எண்ணா, இல்லை இரண்டு எண்களின் பெருக்கமாக உடைவதா என்று கேட்டாய். ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் ஆயுள் போதாது. ஆனால் வகுக்காமலே கண்டுபிடிக்கலாம் என்றாய்.

வேறொரு எண்ணை எடுத்து, அதை அதாலேயே நம் எண்ணுக்கு ஒன்று குறைவான தடவைகள் பெருக்கி, வருவதை நம் எண்ணால் வகுக்க வேண்டும். முதன்மை எண்ணாக இருந்தால் மீதி ஒன்றுதான் வர வேண்டும். முதலில் பத்தை எடுத்தோம். ஒரே பக்கத்தில் மீதி ஒன்று வந்தது! நான் கை தட்டினேன். நீ மட்டும் தலையைச் சொறிந்தாய்.

"இல்லக்கா, வெறும் ஒன்னாவே இருக்கிற எண்ணுக்குப் பத்து சொந்தக்காரன். சொந்தக்காரன்கிட்ட கேட்டா உண்மை வருமா? ரெண்டுகிட்ட கேப்போம்."

இரண்டிடம் கேட்க, ஒவ்வொன்றாகப் பெருக்காமல் வர்க்கத்துக்கு வர்க்கமாகத் தாவினாலும், ஐம்பத்து மூன்று தடவை வர்க்கமாக்கி வகுக்க வேண்டியிருந்தது. படிக்குக் கொப்பியில் ஒரு பக்கம். நீ பெருக்கினாய், நான் இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்த்தேன். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள்! கடைசி மீதி ஒன்று இல்லை. ஒன்றுக்குப் பக்கத்தில்கூட இல்லை. அது உடையும் எண்தான், ஆனால் எதனால் உடையும் என்று நமக்குத் தெரியாது.

கொப்பியைத் தூக்கிக்கொண்டு கண்டியில் ரியூசன் நடத்திய ஒரு மாஸ்டரிடம் போனோம். அவர் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை.

"ஒடையுதுன்னா துண்டக் காட்டுங்க தம்பி. இவ்வளவு பெருக்கல்ல எங்கயோ பிழை விட்டிருப்பீங்க."

நீ என்னைப் பார்த்தாய். "அக்கா எல்லாப் பக்கமும் பாத்திருக்கா சேர்" என்றாய். ராஜு, முப்பத்தோராம் பக்கத்தை நான் பார்க்கவில்லை. அன்று எனக்குக் காய்ச்சல். பார்க்காமலே சரி அடையாளம் போட்டேன். நெஞ்சுவலி வந்து நீ ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தக் கடைசி வாரத்திலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பாயா, சிரித்திருப்பாயா?

நேற்று என் மகள் சுமதி கொழும்பிலிருந்து கணினியோடு வந்திருந்தாள். அவளிடம் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணைத் தட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது: 2071723 பெருக்கல் 5363222357! துண்டு கேட்டாரே, இரண்டு துண்டடா!

உலகத்தில் எங்கோ சிலருக்கு இது எப்போதோ தெரிந்திருக்குமாம். இருக்கட்டும். நமக்குத் தெரியாதே.

எனக்கு அது போதவில்லை. விடை சரியாக இருந்து வழி பிழையாக இருந்தால்? "நம்ம மீதிகளையும் பாரு பிள்ளை" என்றேன். நான் கொப்பியிலிருந்து வாசித்தேன், அவள் திரையைப் பார்த்துத் தலையாட்டினாள். முப்பத்தோராம் பக்கம் வந்ததும் கொப்பியை அவள் பக்கம் நீட்டினேன். அவளே வாங்கி ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டாள்.

"சரிம்மா. ஒரு இலக்கம்கூடப் பிசகல."

ஐம்பத்து மூன்றும் சரி. நான் பார்க்காத இடத்திலும் நீ பிழை விடவில்லை. அழுதேன், சிரித்தேன், சுமதியைக் கட்டிப்பிடித்தேன்.

அடுத்து பத்தொன்பது ஒன்றுகளைத் தட்டப் போனாள். கையைப் பிடித்துவிட்டேன். "சொல்லிடாத!"

புதுக் கொப்பி வாங்கியாயிற்று. பெருக்குவதும் இனி நான்தான், சரிபார்ப்பதும் நான்தான். இரண்டிடமே கேட்கப் போகிறேன். அது என்ன சொன்னாலும் முதலில் உனக்குத்தான் எழுதுவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சரசு அக்கா