சகாயமேரி அக்கா பேசியது

வியாழன், இரவு

ஒரு கம்பெனியின் மென்பொருள் குழுவுக்கு, வேலையைச் சிறு சிறு கட்டமாகச் செய்யும் அஜைல் முறையைப் பழக்கத்தான் புதுக்கோட்டைக்கு வந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடி, குறைகளை ஒளிக்காமல் பேசுங்கள் என்றேன். யாரும் நம்பவில்லை, வாயே திறக்கவில்லை.

இன்றைய கூட்டத்தில், குழுவில் டெஸ்டிங் பார்க்கும் சகாயமேரி அக்கா எழுந்தார். "மேனேஜர் கடைசி நாள்ல வேலைய மாத்துறாரு. டெஸ்ட் பண்ண நேரமே இல்லீங்க," என்றார். மேனேஜர் சிரித்தபடி கேட்டுக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

சாயங்காலமே மேனேஜர் அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். எவ்வளவோ கெஞ்சினேன், மசியவில்லை.

இலுப்பூர் பஸ் ஏற்றிவிடப் போனேன். "பயப்படாமப் பேசலாம்னு சொன்னீங்கள்ல மேடம், அதான் பேசிட்டேன்," என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாளைக் காலை, தினமும் நடக்கும் சின்னக் கூட்டத்தில் மற்றவர்கள் வட்டமாக நின்று, "பிரச்சனை ஒண்ணுமில்லீங்க மேடம்" என்பார்கள். நான் தலையாட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.