கடைவாயில் அடக்கியது

அக்கா,

இன்று பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். புகையிலை வாசம். கண்ணை மூடிக்கொண்டேன். நம் ஊர் காணையில் மல்லாட்டைக் கொல்லை, மதிய வெயில், கடலைச் செடிகளுக்கு நடுவே களைக்கொட்டோடு நீ. எல்லாம் தண்ணீருக்கு அடியில் தெரிவதுபோல் அசைந்து அசைந்து தெரிந்தன.

வருடம் ஐம்பத்தாறோ ஐம்பத்தேழோ. உன் மூன்று வயதுப் பிள்ளை வைசூரியில் போய் ஒரு மாதம். நீ அழவேயில்லை. சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. உன் கொழுந்தன் பெண்டாட்டியாக வந்து ஆறு மாதம்கூட ஆகாதவள் நான். எப்படித் தேற்றுவதென்று தெரியாமல் என் முடிச்சிலிருந்து ஒரு துணுக்குப் புகையிலை கிள்ளி, "இத்தக் கடைவாயில அடக்கிக்கக்கா, மனசு மரத்துப்போவும்" என்றேன். களையெடுக்கும் பெண்களுக்குப் பசிக்கும் அதுதான், பல்வலிக்கும் அதுதான். தலை சுற்றி வரப்பில் சாய்ந்தாய். அப்படியே தூங்கிப்போனாய். ஏதோ பெரிய வைத்தியச்சி மாதிரி பூரித்துப்போனேன், பாவி.

பிள்ளை உண்டானதும் குமட்டியதில் நான் விட்டுவிட்டேன். நீ விடவில்லை. தூங்கும்போதும் அது உன் கன்னத்திலேயே கிடந்தது, பத்து வருடம். அந்த இடம் புண்ணாகி ஆறாமல்போய், புற்று என்றார்கள். "புள்ள ஏக்கந்தான் உள்ளயே அரிச்சிடுச்சி" என்றது ஊர். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை.

பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போனோம். உன் தாய்வீட்டு ஊரான திண்டிவனத்தில் வண்டி நின்றபோது, சன்னல் கம்பியில் சாய்ந்து, "எறங்கிக்கலாமாடி?" என்றாய். ஊர் மறைந்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய்.

"துக்கத்தால வந்ததுங்களா?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"துக்கம் மட்டும் புண்ணு வைக்காதும்மா. புகையிலை அடக்குற இடத்துலதானே வந்திருக்கு? துக்கத்தை மறக்க எதைப் பிடிச்சுக்கிறோமோ, அதையும் பார்க்கணும். யாரு பழக்கிவிட்டது?"

நீ என் பக்கம் திரும்பவேயில்லை.

"யாருமில்லிங்க. நானாத்தான் கத்துக்கினேன்."

அந்தப் பொய்யின் நிழலில்தான், நீ போய்ச் சேர்ந்த பிறகும், இத்தனை வருடம் நல்லவளாக இருந்துவிட்டேன். இப்போதெல்லாம் துக்க வீட்டில் யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் அழும்வரை உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒருமுறையாவது என் வாயால் சொல்லிவிடுகிறேன்.

நான்தான் அக்கா கொடுத்தேன்.