குறைந்த மூன்று மாத்திரைகள்

ஜூன் 3

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நூற்றுப் பன்னிரண்டு நாள். பொட்டுத் தூக்கம் இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டே பள்ளி வேனை ஓட்டுகிறேன். வேன் அவருடையது. பின்னால் பதினோரு பிள்ளைகள் காட்டுக் கத்தல் கத்தும்போது மட்டும் நெஞ்சு கொஞ்சம் லேசாகிறது. அவர்களை இறக்கிவிட்டால் மறுபடி பாறாங்கல்.

ஜூன் 5

டாக்டர் பத்துத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ராத்திரிக்கு ஒண்ணுதான். போட்டதும் படுத்துடணும். ஏழெட்டு மணி நேரம் தூங்க முடியும்னா மட்டும் போடுங்க. காலையில மந்தமா இருந்தா வண்டியைத் தொடாதீங்க. வேற யாருக்கும் கொடுக்காதீங்க." எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வேன் ஓட்டுகிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் தரமாட்டாரோ என்று பயம்.

வீட்டில் அத்தை (என் மாமியார்) மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் ஒண்ணு குடேம்மா." பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர், அவருக்கு மட்டும் தூக்கம் ஏது? "உங்க வயசுக்கு ஆகாது அத்தை" என்று சமையலறை அலமாரியில் வைத்தேன்.

ஜூன் 6

தூங்கினேன். விழித்ததும் ஒரு நொடி எல்லாம் பழையபடி இருந்தது. அப்புறம் ஞாபகம் வந்தது. இதற்குத் தூங்காமலே இருந்திருக்கலாம்.

ஜூன் 9

ஐயோ. சிக்னல்ல சிவப்பு விழுந்ததே தெரியல எனக்கு. முன் சீட்டில் உட்காரும் இரண்டாம் வகுப்புக்காரி, "ஆன்ட்டி, சிவப்புல போயிட்டீங்க" என்கிறாள். ஒரு பஸ் கிறீச்சென்று பக்கத்தில் வந்து நின்றது. ஒரு முழம் இருக்குமா? பதினோரு பிள்ளைகள். ஒரு மாத்திரைதானே போட்டேன் — ஒன்றுக்கே இப்படியா?

ஜூன் 10

நேற்று மாத்திரை போடவில்லை. இன்று காய்ச்சல் என்று சொல்லி வேன் எடுக்கவில்லை. அட்டையை எண்ணினேன். நாலு ராத்திரி, நாலு மாத்திரை. ஆறு இருக்க வேண்டும். இருப்பது மூன்று.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். அத்தையிடம் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி புடைக்க ஆரம்பித்தார். அது எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. "கேட்டா தரமாட்டேன்னு திருடித் திங்கிறீங்களா?" சொல்லிவிட்டேன். மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தடுக்கவில்லை நான்.

ஜூன் 11

பேனாவைத் தேடியபோது இந்த டைரி வேறு பக்கத்தில் திறந்துகொண்டது. இன்னும் வராத டிசம்பர் பக்கம். கோணல்மாணலாக ஒரு கிறுக்கல்: "இன்னொண்ணு போட்டுக்கிட்டேன். இவர் திட்டுறார்."

என் கையெழுத்து. எழுதியதாகத் துளிக்கூட ஞாபகமில்லை. திருடி நான்தான். இரட்டை மாத்திரை மயக்கத்தோடு மூன்று நாள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஜூன் 12

நாத்தனார் வீட்டுக்குப் போய் அத்தையின் காலில் விழுந்தேன்.

"தெரியும். பார்த்தேன்" என்றார். "மூணு ராத்திரியும் எந்திரிச்சு வந்தே. மாத்திரைய முழுங்கிட்டு, உக்காந்து அவன்கூடப் பேசினே. சட்டைய ஊறப் போடாம எங்க கிளம்புறீங்கன்னு திட்டினே. அவன் ஏதோ சொன்ன மாதிரி சிரிச்சே."

"ஏன் அத்தை என்னை எழுப்பல?"

"எழுப்பினா அவன் போயிடுவானேன்னு இருந்துச்சு."

"வண்டியில குழந்தைங்க இருந்தாங்களே!"

"தப்புதாம்மா. பெரிய தப்பு." முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

ஜூன் 13

டாக்டரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கோபித்துக்கொண்டார். "எந்திரிச்சு நடமாடினது ஞாபகமே இல்லன்னா இந்த மாத்திரை உங்களுக்கு இனி வேண்டவே வேண்டாம்." மிச்சம் மூன்றையும் வாங்கிக்கொண்டார். வாரம் ஒருமுறை வரவேண்டுமாம். மருந்தில்லாமல் தூங்கப் பழக்குவார்களாம். அதுவரை வேன் கூடாது. சாவியைப் பக்கத்துத் தெரு டிரைவரிடம் கொடுத்தேன். பெற்றோர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேர் பாதியிலேயே வைத்துவிட்டார்கள்.

ஜூன் 16

அத்தை திரும்பி வந்துவிட்டார். நான் தூங்கியது ஒரு மணி நேரம்.

ஜூன் 21

மூன்று மணி நேரம் தூங்கியிருக்கிறேன். காலையில் காபி கொடுக்கும்போது அத்தையிடம் கேட்டேன், "ராத்திரி எந்திரிச்சேனா? ஏதாவது பேசினேனா?"

"இல்லம்மா. அசையாமத் தூங்கினே."

காபியை ஆற்றிக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "பேசுவியோன்னு நான் விடியிற வரைக்கும் முழிச்சு உக்காந்துதான் இருந்தேன்" என்றார்.